உடையவன் பாராப் பயிர்

(வணிகர் சங்க ஆண்டு விழா உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் என்னை வானளாவப் புகழ்ந்த செயலாளர் அண்ணாச்சி அவர்களே, பொன்னாடை போர்த்திய பொருளாளர் அவர்களே, விடியற்காலையிலிருந்து பந்தல் வேலை பார்த்துவிட்டுக் கடைசி வரிசையில் கண்ணயரும் தம்பிகளே, வணக்கம்.

இத்தாலி ஒயின் கம்பெனி பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது. பயப்படாதீர்கள், குடிக்கச் சொல்ல வரவில்லை. மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: ஃபிளாரன்ஸ் நகர அந்தினோரி குடும்பத்தின் பழமை, அவர்களுடைய மண், அவர்களுடைய வாரிசுகள்.

1385இல் ஜியோவன்னி தி பியெரோ அந்தினோரி அந்த ஊர் ஒயின் வணிகர் சங்கத்தில் சேர்ந்தார். அவரும் நம்மைப் போல ஒரு சங்க உறுப்பினர்தான்! அன்றிலிருந்து 26 தலைமுறை. உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்பார்கள், இவர்கள் பார்த்தார்கள்.

1506இல் வாங்கிய மாளிகை இன்றும் அவர்களுடையது. ஃபிளாரன்சின் பழைய மாளிகைகளில் தெருப்பக்கச் சுவரில் குட்டி ஜன்னல் ஒன்று இருக்கும். இவர்கள் மாளிகையிலும் உண்டு. ஒரு ஒயின் குடுவை நுழையும், அவ்வளவுதான். தட்டினால் உள்ளிருந்து ஒரு கை வரும்; காசை வாங்கும், குடுவையை நீட்டும். தரகர் கிடையாது, கடை வாடகை கிடையாது. 1630களில் கொள்ளைநோய் வந்தது. விற்பவர் காசைக் கையால் தொடவில்லை. செப்புக் கரண்டியை நீட்டினார், காசு அதில் விழுந்தது, நோய் ஒட்டாதிருக்க நேரே வினிகர் காடியில் போட்டார்! 2020இல் கொரோனா வந்ததும் அந்த ஊர்க்காரர்கள் அப்படிப்பட்ட சில ஜன்னல்களைத் திரும்பத் திறந்து காபியும் ஐஸ்கிரீமும் விற்றார்கள். நாம் கடை வாசலில் கயிறு கட்டிப் பக்கெட்டில் பணம் வாங்கவில்லையா? அதேதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1966இல் பியெரோ அந்தினோரி பொறுப்பேற்றார். சியாந்தி என்பது அவர்கள் பகுதியின் பேர்போன சிவப்பு ஒயின்; அதில் வெள்ளைத் திராட்சையும் கலக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அவரோ 1971 அறுவடையிலிருந்து தின்யானெல்லோ என்ற தம் ஒயினுக்குச் சியாந்தி என்ற பெயரே வேண்டாம் என்று விட்டுவிட்டார். சிறிய ஓக் பீப்பாயில் ஊறவைத்து, வெறும் 'சாப்பாட்டு மேசை ஒயின்' என்று சீட்டு ஒட்டி விற்றார். மட்டமான சீட்டு, ஆனால் உலகப் புகழ். 1980களில் உடன்பிறந்தோர் விலகியபோது பிரிட்டனின் விட்பிரெட் கம்பெனி பங்குதாரராக நுழைந்தது. 1991இல் அந்தப் பங்கையும் மீட்டார். உடையவன் பாராப் பயிர் என்று அவருக்கு யார் சொன்னார்களோ!

மண்ணைப் பற்றி விருந்தில் பேசிக்கொள்வோம். நான் ஊர் ஊராகச் சொல்லிவருவது வேறு. பியெரோவுக்கு மூன்று மகள்கள்: அல்பியெரா, அல்லெக்ரா, அலெசியா. மூவரும் தொழிலுக்குள் வந்தார்கள். 2016இல் அல்பியெரா தலைவரானார்.

தமிழ்நாட்டில் 1989இலேயே மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை தந்து சட்டம் வந்துவிட்டது. சட்டம் தந்ததைக் கல்லாப்பெட்டி தரவில்லை. கல்யாண நகையோடு மகள் கணக்கை முடித்துவிடுகிறோம். பி.காம். படித்த பெண் வீட்டிலிருக்க, கடைக்கு மேனேஜர் தேடுகிறோம். உடையவள் பார்த்தால் பயிர் பட்டுப்போகுமா?

நகர்மன்றத் தலைவர் அம்மா தலையசைக்கிறார்கள், நன்றி. நம் உறுப்பினர் படிவத்தில் 'வாரிசு: மகன் பெயர்' என்று அச்சடித்திருக்கிறோம். அடுத்த அச்சில் 'மகள்' என்பதும் வர வேண்டும். அண்ணாச்சி, தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். வழிமொழிபவர் கை தூக்குங்கள், முன்வரிசையிலிருந்தே தொடங்குவோம்.