வேண்டியவர் கையால் வரும் வினை

நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் 2005-ஆம் ஆண்டிலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வைரஸ், உளவு மென்பொருள், வேண்டாத மின்னஞ்சல் இதிலிருந்தெல்லாம் கணினியை எப்படிக் காப்பாற்றுவது என்று பேச நிலையத்தார் கூப்பிட்டார்கள். பேச்சைத் தொடங்கும் முன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு காலத்தில் இந்த ஊரில் வைரஸைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் நானும் ஒருவன்.

தெரிந்து செய்யவில்லை. அப்போது என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென் டிரைவ் இருக்கும். பிரிண்டர் டிரைவர், தமிழ் எழுத்துரு, பாட்டுக் கேட்கும் மென்பொருள் எல்லாம் அதில். காலையில் மகாராஜநகர், மத்தியானம் பெருமாள்புரம், சாயங்காலம் மேலப்பாளையம் என்று வீடு வீடாகப் போய் அதைச் செருகுவேன். ஒருநாள் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். கோபமெல்லாம் இல்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார்: “தம்பி, மிஷின் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. நீ வந்துட்டுப் போன பொறவுதாம்டே இப்படி ஆயிட்டு.”

போய்ப் பார்த்தேன். எந்த ஃபோல்டருக்குள் போனாலும் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், அட்மினிஸ்ட்ரேட்டர் அதை முடக்கியிருக்கிறார் என்று ஒரு பெட்டி வருகிறது. அந்த வீட்டில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்றால் அவரும் அவர் மனைவியும்தான். அந்தக் காலத்தில் கணினி வைத்திருந்தவர்களுக்கு ‘நியூ ஃபோல்டர் டாட் இஎக்ஸ்இ’ என்றால் ஞாபகம் வரும். பார்க்க மஞ்சள் நிற ஃபோல்டர் போலவே இருக்கும். உள்ளே என்ன என்று பார்க்க இரண்டு தட்டு தட்டினால் அது ஓடத் தொடங்கிவிடும், ஏனென்றால் அது ஃபோல்டரே இல்லை, ஒரு நிரல். என் பென் டிரைவில் அது குடியிருந்தது எனக்கே தெரியாது.

நேயர்கள் இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். கோப்பின் பெயருக்குக் கடைசியில் ஒரு புள்ளி, அதன் பின்னால் மூன்று நான்கு எழுத்து இருக்கும். எக்ஸ்டென்ஷன் என்போம். இன்றைக்கு அதை வால் என்றே சொல்கிறேன். ஒரு கோப்பு படமா, கடிதமா, ஓடக்கூடிய நிரலா என்பதை அந்த வால்தான் சொல்லும். ஆனால் விண்டோஸ், பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று, வாலை மறைத்தே தருகிறது. இன்றைக்கும் அப்படித்தான். எனக்கு இதில் அந்த நிறுவனத்தின்மேல் தீராத வருத்தம் உண்டு. உங்கள் வீட்டில் விண்டோஸ் 11 இருந்தால் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, மேலே ‘வியூ’, அதில் ‘ஷோ’, அதில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தட்டிவிடுங்கள். மறைந்திருந்த வால்கள் எல்லாம் தெரியும். என்னிடம் வரும் கணினிகளில் நான் முதலில் செய்வது இதைத்தான்.

இந்த வால் வித்தை உலகத்தையே ஒருநாள் ஆட்டிவைத்தது. 2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பில் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. கூடவே ஒரு காதல் கடிதம். பெயரின் கடைசியில் ‘டாட் டிஎக்ஸ்டி’ என்று இருந்தது, அதாவது வெறும் எழுத்துக் கோப்பு என்று தோன்றும்படி. உண்மையான வால் அதற்கும் பின்னால், ‘டாட் விபிஎஸ்’, அதாவது ஓடக்கூடிய நிரல். அதை விண்டோஸ் மறைத்துவிட்டது. திறந்தவுடன், திறந்தவருடைய முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அவர் பெயரிலேயே கடிதம் போனது. அமெரிக்க ராணுவத் தலைமையகமும் பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் மின்னஞ்சலை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. எழுதியவர் மணிலாவில் கணினி படித்த ஓர் இளைஞர். அப்போது பிலிப்பைன்ஸில் இதற்கென்று சட்டம் இல்லாததால் வழக்கு நிற்கவில்லை.

முன்பின் தெரியாதவர் அனுப்பியிருந்தால் எத்தனை பேர் திறந்திருப்பார்கள்? மேலதிகாரி பெயரில் வந்தது, பக்கத்து மேசைக்காரர் பெயரில் வந்தது. அதனால் திறந்தார்கள். இருபது வருடமாக நான் பார்த்ததும் இதுதான். எங்கிருந்தோ ஒருவன் உட்கார்ந்து உங்கள் பூட்டை உடைத்து வந்ததாக என் கடைக்கு வந்த கணினிகள் மிகக் குறைவு. அநேகமாக எல்லாமே வேண்டியவர் கையால் வந்தவை. சித்தப்பா பையன், கூட வேலை பார்ப்பவர், ரிப்பேர் பார்க்கப் போன நான்.

என் தொழிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. “ஓஎஸ் போட்டுக் குடுங்க” என்று வருவார்கள். விண்டோஸை உரிமத்தோடு போட்டால் பல ஆயிரம் ஆகும் என்றால் வாசலைத் தாண்டி அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஆகவே முந்நூறு ரூபாய்க்குத் திருட்டு நகல். அதற்கு, உரிமச் சோதனையை ஏமாற்றும் ‘கிராக்’ என்று ஒரு சின்ன நிரல் ஓட்ட வேண்டும். அந்தக் கிராக்கோடு வரும் குறிப்பில் முதல் வரியே ஆன்டிவைரஸை நிறுத்திவை என்பதுதான். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திற என்கிறான், நாமும் திறக்கிறோம். அடுத்து, நகல் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று அப்டேட்டையும் நிறுத்திவிடுவோம். 2017 மே 12-ஆம் தேதி கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ‘வானாக்ரை’ என்ற தீநிரல் பல நாடுகளில் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது. இரண்டு மாதம். அப்டேட்டை ஓடவிட்டிருந்தவர்கள் தப்பினார்கள். பிரிட்டனில் மருத்துவமனைகளே அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டன.

கிராக்கை நான் நிறுத்தியது 2019-இல். கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரர் ஒருவர் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாப் படங்களுக்கும் வால் மாறியிருந்தது, எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு ‘ரீட்மீ’ கோப்பு. படங்கள் வேண்டுமானால் 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி விலை 490. தள்ளுபடி வேறு! ஆல்பம் மென்பொருளுக்குக் கிராக் தேடி இறக்கியதிலிருந்து வந்தது அது. அந்த வகைப் பூட்டு சிலவற்றுக்கு இலவசச் சாவி பின்னால் கிடைத்தது. இவருக்குக் கிடைக்கவில்லை. பதினோரு கல்யாணம். பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று என் கடை ஸ்டூலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். படங்களை ஒரு தனி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, கழற்றி பீரோவில் வைத்திருந்தால் தப்பியிருக்கும். கழற்றி என்பதுதான் முக்கியம். செருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இப்போது ஆன்டிவைரஸுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும் என்பது என் அபிப்பிராயம், அதை நிறுத்தாமல் இருந்தால். ஆனால் விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதை இன்னும் ஓட்டுகிறவர்கள், குறைந்தபட்சம் வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள்.

நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீநிரல் கண்டுபிடிக்கப்பட்டதை 2019 அக்டோபர் 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் உறுதிசெய்தது. அது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணினி. உலையை இயக்கும் அமைப்புகள் வேறு வலையில், இதனோடு தொடர்பில்லாமல் இருந்ததால் பாதிப்பு இல்லை என்றது கழகம். அந்தச் செய்தியைப் படித்த வாரமே என் கடையில் ஒரு பழைய கணினியிலிருந்து நெட் வயரைப் பிடுங்கினேன். யார் பென் டிரைவ் கொண்டுவந்தாலும், வைரஸ் இருந்தால் அதோடு நிற்கட்டும் என்று, முதலில் அதில்தான் செருகுவேன். வீட்டில் பழைய லேப்டாப் சும்மா கிடந்தால் நீங்களும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, பென் டிரைவ் காலம் போய்விட்டது. இப்போது வினை வருவது வாட்ஸ்அப்பில், கல்யாணப் பத்திரிகையாக. அனுப்பியவர் பெயர் உங்கள் மச்சினராகவே இருக்கும். கோப்பின் பெயர் திருமண அழைப்பிதழ். வால் மட்டும் ‘டாட் ஏபிகே’. ஏபிகே என்றால் ஆண்ட்ராய்டு செயலி. பத்திரிகை படமாக வரும், வீடியோவாக வரும், பிடிஎஃப் ஆக வரும். பத்திரிகையை எந்த ஊரிலும் ‘இன்ஸ்டால்’ செய்ய மாட்டார்கள். தட்டினால், தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை அனுமதிக்கலாமா என்று போன் கேட்கும். அடுத்து எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். அவ்வளவுதான். வங்கி அனுப்பும் ஓடிபி உங்களுக்கு வரும்போதே அவனுக்கும் போகும். செயலியின் படம் திரையிலிருந்து மறைந்துவிடும். உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை போகும். போக்குவரத்து அபராதச் சலான், வங்கி கேஒய்சி என்று வேறு வேஷங்களிலும் வருகிறது.

தவறித் தட்டிவிட்டால் உடனே போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். வேறொருவர் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் இணைய மோசடிக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உளவு பார்க்க மென்பொருளே தேவையில்லாத இடம் ஒன்று இருக்கிறது, ஜெராக்ஸ் கடை. ஆதாரை பிரிண்ட் எடுக்க அவசரத்தில் அந்தக் கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறக்கிறோம். பிரிண்ட் வந்ததும் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். உங்கள் வாட்ஸ்அப் அங்கேயே திறந்து கிடக்கும். ஒருமுறை அப்படி ஒரு கடையின் கணினியைப் பழுதுபார்க்கப் போனேன். திறந்ததும் ஏதோ ஒரு குடும்பத்தின் சண்டை முழுவதும் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் நல்லவர், கவனிக்கவே இல்லை. உங்கள் வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ என்று ஒரு இடம் இருக்கிறது. இந்தப் பேச்சு முடிந்ததும் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி ஏதாவது அங்கே இருந்தால் வெளியேற்றிவிடுங்கள்.

இன்னொன்று, சொல்லலாமா என்று யோசித்தேன். மனைவியின் போனில் ஒரு செயலி போட்டுத் தர முடியுமா, அவள் யாரோடு பேசுகிறாள் என்று தெரிய வேண்டும் என்று ஒருவர் என் கடைக்கு வந்தார். இரண்டு மடங்கு கூலி தருவதாகச் சொன்னார். முடியாது என்று அனுப்பிவிட்டேன். எல்லாக் கடையிலும் அப்படி அனுப்பியிருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. போனைத் திறக்கும் எண்ணை வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ளப் பெண்களுக்கு உரிமை உண்டு.

வேண்டாத மின்னஞ்சலைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1978-இல் ஒரு கணினி விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியதில் தொடங்கியது. இன்னும் இரண்டு வருடத்தில் ஒழிந்துவிடும் என்று பில் கேட்ஸ் 2004-இல் சொன்னார். எங்கே ஒழிந்தது? பதில் போடாதீர்கள், அதிலுள்ள இணைப்பைத் தட்டாதீர்கள். விளம்பர அழைப்பையும் குறுஞ்செய்தியையும் நிறுத்த 1909. வங்கியின் பெயரில் இணைப்பு வந்தால், முகவரி ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். நம் வங்கிகளுக்கு மட்டும் தரப்படும் முகவரி அது. ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் அதற்கு மாறச் சொல்லியிருக்கிறது.

அந்தத் தலைமை ஆசிரியருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. என்மேல் அன்றைக்கு வந்த சந்தேகம் இன்னும் தீரவில்லை, ஆனால் கேட்பதும் என்னிடம்தான். போன மாதம் கூப்பிட்டார். “ஏடே, பேரன் கல்யாணம்னு ஒண்ணு எம் போனுக்கே வந்திருக்கு. தொறக்கட்டுமா வேண்டாமா?” வாலைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பி, டி, எஃப். “தொறங்க சார்” என்றேன். மறுவீட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போயிருந்தேன். சொதி நன்றாக இருந்தது.

வணக்கம்.