அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடையோ தொழிலோ நடத்த மாநகராட்சி தரும் அனுமதியான தொழில் உரிமம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். உரிமம் என்றதும் ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். உங்கள் காசைப் பற்றிய பேச்சுதான் இது.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒருவர் மெஸ் வைக்க நினைக்கிறார் என்று வையுங்கள். இடம் பார்க்கிறார், அட்வான்ஸ் கொடுக்கிறார், டைல்ஸ் ஒட்டுகிறார், நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுகிறார். உரிமத்தை மட்டும், "கடை கொஞ்சம் ஓடட்டும், பார்த்துக்கலாம்" என்று கடைசிக்குத் தள்ளிவிடுகிறார். எல்லாம் தலைகீழ். மாநகராட்சி ஆளை மட்டும் பார்த்து உரிமம் தருவதில்லை, இடத்தையும் பார்த்துத்தான் தருகிறது. இடம் சரியில்லை என்றால் சாம்பார் எவ்வளவு மணந்தாலும் ஆகாது.

ஆய்வுக்குப் போனால் நான் முன்பக்கத்தில் நிற்க மாட்டேன், நேராகப் பின்கட்டுக்குப் போய்விடுவேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? பாதாளச் சாக்கடைக்கா, பக்கத்துக் காலி மனைக்கா? எண்ணெய்ப் பிசுக்கு குழாயை அடைக்காமல் இருக்க நடுவில் ஒரு தொட்டி உண்டா? புகைபோக்கி கூரைக்கு மேலே போகிறதா, அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்த்து ஊதுகிறதா? அக்கம்பக்கத்துப் புகார்கள் பெரும்பாலும் இந்தப் புகையில்தான் தொடங்கும். அப்புறம் சிலிண்டர். மாடிப்படிக்கு அடியில் நான்கைந்தை அடுக்கி, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடியிருப்பார்கள். போர்வையைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இவற்றில் பாதி, வாடகைக்கு வருபவரால் மாற்ற முடியாதவை. அதனால்தான் அட்வான்ஸுக்கு முன்பே கேளுங்கள் என்கிறேன். கட்டட அனுமதி வீட்டுக்கு வாங்கியதா, கடைக்கு வாங்கியதா? சொத்து வரி ரசீதில் குடியிருப்பு என்றிருக்கிறதா, வணிகம் என்றிருக்கிறதா? "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன் தம்பி" என்பார் வீட்டுக்காரர். சரி, அதையே ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

உரிமம் எங்கே என்று கேட்டால் தொழில் வரி ரசீதை எடுத்து நீட்டுபவர்கள் ஏராளம். அது அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் வரி. வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று அரசியலமைப்பிலேயே வரம்பு இருக்கிறது. அதைக் கட்டினால் கடை நடத்த அனுமதி கிடைத்ததாக ஆகாது. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேறு, ஜிஎஸ்டி எண் வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

முன்பு சேலம் மாநகராட்சிக்கென்றே 1994-இல் வந்த தனிச் சட்டம் இருந்தது. 2023 ஏப்ரலில் இருந்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டல அலுவலகங்கள். உங்கள் கடை எதில் வருகிறதோ அங்கே விசாரியுங்கள். தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போடுபவருக்கு வழி வேறு. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவருக்கு விற்பனைச் சான்று உண்டு. அவரை இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்.

கொலுசுப் பட்டறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. செவ்வாய்பேட்டையில் வீட்டோடு சேர்ந்த பட்டறைகள் எத்தனையோ. உருக்க அடுப்பு, பற்றவைக்க கேஸ், கழுவ அமிலம், பக்கத்து அறையில் பிள்ளை பாடம் படிக்கும். சட்டப்படி ஆபத்தான தொழில் வகைதான். ஆனால் எடுத்தவுடன் நோட்டீஸ் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அமிலத் தண்ணீரை எப்படிக் கழிப்பது என்று முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அபராதத்தை அப்புறம் பார்க்கலாம்.

திருமண மண்டபத்துக்கு வருகிறேன். இங்கே தாட்சண்யம் பார்க்கவே கூடாது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓலைப் பந்தல் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். மண்டபம் பேசப் போகும்போது பெண் வீட்டார் ஏசி, பார்க்கிங், சமையல்கட்டு எல்லாம் பார்ப்பார்கள். இரண்டாவது படிக்கட்டை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் ஏறிப் பாருங்கள். அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கூரை வரை அடுக்கி, கதவுக்குப் பூட்டும் போட்டிருக்கலாம். மண்டபத்துக்கு 1965-ஆம் ஆண்டு பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி உரிமம் வேண்டும், தீயணைப்புத் துறை சான்று வேண்டும். நகலைக் காட்டச் சொல்லிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு மண்டபம் பாருங்கள், சேலத்தில் மண்டபத்துக்கா பஞ்சம்?

உரிமம் இல்லாத காலி இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் விசேஷம் வைத்தால், மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும் என்று திடக்கழிவு விதிகளிலேயே இருக்கிறது. எச்சில் இலையை யார் அள்ளுவது என்பதற்காக வந்த விதி அது.

இப்போது ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே கல்யாணம் வைக்க ஆசைப்படுகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் சேலம் மாநகராட்சி கிடையாது, அங்குள்ள உள்ளாட்சிதான். கட்டடம் எழுப்புவதற்கு மலையிடப் பாதுகாப்பு விதிகளும் சேர்ந்துகொள்ளும். தோட்டக்காரர் சம்மதித்தால் போதும் என்று நினைத்து மேடை போட்டுவிடுவார்கள். ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி தனி. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதி மலைக்கும் உண்டு. பள்ளத்தாக்கில் பாட்டுச் சத்தம் எதிர்ப்பக்கக் குடியிருப்பு வரை கேட்கும், புகாரும் அங்கிருந்துதான் வரும். ஆகவே மேடைக்காரரிடமும் இசைக்குழுவிடமும் பத்து மணி என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். வணக்கம்.