பார்த்தால் தெரிந்துவிடுமா?

நேயர்களுக்கு வணக்கம். வேலூரிலும் காட்பாடியிலும் உள்ள பள்ளி மாணவ மாணவியரிடம் எச்.ஐ.வி. குறித்துப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். அது பரவும் வழிகளைக் கேட்டால், பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், ஒருவர் போட்ட ஊசியை மற்றவர் போட்டுக்கொள்வது, தாயிடமிருந்து குழந்தைக்கு என நான்கையும் தடுமாறாமல் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால், பெயர் எழுதாமல் துண்டுச்சீட்டில் கேள்வி கேட்கச் சொன்னால்தான் அவர்கள் உண்மையில் நம்புவது என்னவென்று தெரியவரும்.

கொசு கடித்தால் வருமா என்ற கேள்வி வராத வகுப்பே இல்லை. டெங்குவும் மலேரியாவும் கொசுவால் வருகின்றன என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தானே. அதை வைத்துத்தான் பிள்ளைகள் யோசிக்கிறார்கள். கொசு நம் உடலில் செலுத்துவது தன் உமிழ்நீரை மட்டுமே. அது குடித்த இரத்தத்திலுள்ள எச்.ஐ.வி. கிருமி பெருக வழியின்றி அதன் வயிற்றிலேயே செரித்துப்போகிறது. இதைச் சொன்னதும் ஐயம் தீர்ந்துவிடும்.

எளிதில் தீராத நம்பிக்கை ஒன்றுண்டு. ஒரு சீட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டு, "நல்ல குடும்பம், பார்க்கவும் நன்றாக இருக்கிறார் என்றால் பயமில்லைதானே?" என்று எழுதியிருந்தது. கொசுவைப் பற்றிய தவற்றால் யாருக்கும் தொற்று வந்துவிடாது. இந்தத் தவற்றால் வரும். எனவே, இந்த இடத்தில் நம் ஊர்க் கதையை விரிவாகவே சொல்வேன்.

1986ஆம் ஆண்டு, சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் மாணவியான நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால், தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் அவற்றைப் பாதுகாத்து, இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுவந்தார். நம் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், மருத்துவர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில்தான் சோதனை நடந்தது. தொற்று இருப்பதற்கு அடையாளமாகச் சில மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது அப்போதுதான். அந்தப் பெண்களின் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை, சொன்னது சோதனை. திரும்பவும் சொல்கிறேன், முகம் சொல்லவில்லை, சோதனைதான் சொன்னது. தொற்றியவர் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இன்றி இருக்கக்கூடும்.

நேரம் நெருங்கிவிட்டதால், சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. 2004 முதல் எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. அதை நாள்தோறும் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத நிலையைத் தக்கவைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவுவதில்லை. அவருடன் ஒரே தட்டில் சாப்பிடுவதில் எக்காலத்திலும் ஆபத்து இருந்ததில்லை. தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. விவரங்கள் இரகசியமாக வைக்கப்படும். தொலைபேசியில் கேட்க விரும்பும் இளைஞர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. வணக்கம்.