எழும்பாத விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க்கை வெளியிலிருந்து திறப்பது எப்படி?

[திரையில்: கறுப்புப் பின்னணியில் எமர்ஜென்சி மோட் செய்தி]

வணக்கம். குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கும் ஒரு கடை. பில் போடும் மென்பொருள் ஓர் உபுண்டு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினி) ஓடுகிறது. கடைக்காரர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "மக்ளே, கரண்டு போயிட்டு வந்த பொறவு மெஷின் எழும்பமாட்டேங்கு."

பழியைக் கரண்டு மேல் போட முடியாது. பேக்கப்புக்காக யாரோ ஒரு யூஎஸ்பி டிஸ்க்கை இணைத்து, எஃப்எஸ்டேப் கோப்பில் (தொடங்கும்போது எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்ற பட்டியல்) ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அப்புறம் டிஸ்க்கைக் கழற்றிவிட்டார்கள். வரி அப்படியே கிடக்கிறது. மெஷின் மறுபடி தொடங்கும்போது தொடக்க வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருக்கும். வரவில்லை என்றால் பழுதுபார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். அங்கிருந்து உள்ளே போகலாம் என்றால், உபுண்டுவில் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு வழக்கமாகப் பூட்டியே இருக்கும்.

சரி, விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க், மெஷினை ஓட்டும் ஹோஸ்ட் கணினியில் உள்ள ஒரு கோப்புதானே? அதை வெளியிலிருந்தே திறந்து அந்த வரியைத் திருத்திவிடலாம்.

கை வைக்கும் முன் மெஷினை முழுதாக அணைத்துவிடுங்கள். இதில் சமரசமே கிடையாது. உள்ளே ஒரு கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), வெளியே ஒரு கெர்னல். இரண்டும் ஒரே ஃபைல் சிஸ்டத்தைத் தனித்தனி கேஷ் (தற்காலிக நினைவகம்) வைத்துக்கொண்டு எழுதினால் டிஸ்க் நாசமாகிவிடும். "ரீட் ஒன்லியாகத்தானே மவுண்ட் செய்கிறேன்", அதாவது படிக்க மட்டும்தானே இணைக்கிறேன், என்பதும் செல்லாது. ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் அப்போதுகூட ஜர்னலில் (எழுத வேண்டியதைக் குறித்துவைக்கும் பதிவேடு) மீதமிருப்பதை டிஸ்க்கில் எழுதிவிடும். அதைத் தடுக்க நோலோட் என்ற ஆப்ஷனும் வேண்டும்.

[திரையில்: கியூஎமு-இமேஜ் இன்ஃபோ காட்டும் விவரங்கள்]

கோப்பை நகலெடுத்துக்கொண்டு, மெஷினை ஓட்டும் மென்பொருளான கியூஎமுவின் இந்தக் கட்டளையால் அது எந்த வகை என்று பாருங்கள். பேக்கிங் ஃபைல் என்று ஒரு வரி தெரிந்தால், அடியில் இருக்கும் அந்த மூலக் கோப்பைத் தொடாதீர்கள். மேலே இருக்கும் கோப்பில்தான் திருத்த வேண்டும்.

ரா வகை எளிது; டிஸ்க்கில் உள்ளது அதில் அப்படியே வரிசையாக இருக்கும். ஆனால் நேராக மவுண்ட் கொடுத்தால் ஏற்காது. கோப்பின் தொடக்கத்தில் இருப்பது டிஸ்க்கின் பகுதிகளைச் சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை. முதல் பார்ட்டிஷன் பெரும்பாலும் 2048-ஆவது செக்டரில் தொடங்கும். செக்டருக்கு 512 பைட் வீதம் 10,48,576 பைட் தள்ளி. முன்பெல்லாம் இந்த எண்ணை ஆஃப்செட்டாக, அதாவது தொடங்கும் இடமாக, கொடுப்போம். இப்போது கோப்பை டிஸ்க்போலக் காட்டும் லோசெட்டப் கட்டளைக்குப் பெரிய எழுத்து பி கொடுத்தால், பார்ட்டிஷன்களைத் தானே பிரித்து லூப்0பி1, லூப்0பி2 என்று காட்டும்.

கியூகவ்2 வகைக்கு லோசெட்டப் உதவாது. அதில் பிளாக்குகள் வரிசையாக இருக்காது. எது எங்கே என்பதற்குத் தனி அட்டவணை உண்டு. அதனால் கெர்னலில் என்பிடி (நெட்வொர்க் பிளாக் டிவைஸ்) மாடியூலை ஏற்றி, கியூஎமு-என்பிடி கட்டளையால் கோப்பை என்பிடி0 என்ற சாதனத்தில் இணைக்க வேண்டும். எந்த வகை என்பதையும் நாமே சொல்லிவிடுவது நல்லது. ரா டிஸ்க்கின் தொடக்கத்தில் மெஷினுக்குள் இருப்பவர் போலி கியூகவ்2 தலைப்பை எழுதிவைத்து, ஹோஸ்டின் வேறு கோப்பைப் படிக்கவைக்க முடியும்.

எல்விஎம் (டிஸ்க் பகுதிகளைக் குழுவாக நிர்வகிக்கும் முறை) வந்தால் கொஞ்சம் தலைவலி. உபுண்டு சர்வர் அந்தக் குழுவுக்கு, அதாவது வால்யூம் குரூப்புக்கு, உபுண்டு-விஜி என்றே பெயர் வைக்கும். ஹோஸ்டும் அதே உபுண்டு என்றால் பெயர் மோதும். அங்கே நான் கெஸ்ட்மவுண்ட் என்ற கருவியைத்தான் எடுப்பேன். அது தனக்குள் ஒரு குட்டி மெஷினை ஓட்டி அதற்குள் டிஸ்க்கைத் திறப்பதால் மோதல் வராது. முன்பின் தெரியாதவர் கொடுத்த இமேஜுக்கும் அதுதான் பாதுகாப்பு.

[திரையில்: எம்என்டி அடைவுக்குள் ஈடிசி, அதற்குள் எஃப்எஸ்டேப்]

மெஷினின் பார்ட்டிஷன் ஹோஸ்டின் எம்என்டி அடைவில் மவுண்ட் ஆனதும் எடிட்டரைத் திறக்கும் முன் பாதையை ஒருமுறை பாருங்கள். முன்னால் எம்என்டி இல்லாமல் ஈடிசி எஃப்எஸ்டேப் என்று அடித்தால், திருத்துவது உங்கள் ஹோஸ்டின் கோப்பை! அந்த யூஎஸ்பி வரியின் ஆப்ஷன்களில் நோஃபெயில் சேருங்கள். இனி டிஸ்க் இல்லாவிட்டாலும் மெஷின் எழும்பும்.

முடிந்ததும் முதலில் அன்மவுண்ட், பிறகுதான் டிஸ்கனெக்ட். டார்கெட் பிஸி என்று வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு டெர்மினல் இன்னும் அந்த அடைவுக்குள்ளேயே நிற்கும். மெஷினைத் தொடங்கும்போது ரைட் லாக் கிடைக்கவில்லை என்று கியூஎமு சொன்னால், என்பிடி இணைப்பு இன்னும் விடுபடவில்லை. லோசெட்டப்பில் இந்த எச்சரிக்கையும் வராது. லூப் சாதனம் எதுவும் மீதமில்லை என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.