ஐம்பதுக்கு மேல் வரும் சிவப்புப் புள்ளிகள்

வணக்கம். குமரி மாவட்டத்து நேயர்களே, அதிலும் ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணன்மாரே, அக்காமாரே, இன்றைய பேச்சு உங்களுக்குத்தான்.

குளிக்கும்போதோ சட்டை மாற்றும்போதோ வயிற்றில், நெஞ்சில், தோளில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி கண்ணில் பட்டிருக்கும். வலி இல்லை, அரிப்பு இல்லை. போன வருடம் இல்லாதது இப்போது எங்கிருந்து வந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டால் உடம்புச் சூடு என்பார்கள். இன்னொருவர் எட்டுக்கால் பூச்சி விஷம் என்பார், மூன்றாமவர் நண்டும் கருவாடும் தொடாதே என்று பத்தியமே வைத்துவிடுவார். மணவாளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள் என்றால் கடற்கரை மணலின் கதிர்வீச்சால் வந்ததோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். தோல் மருத்துவராக இங்கே வேலை பார்க்கிற எனக்கு இதெல்லாம் தினமும் காதில் விழுகிற பேச்சு. இதில் எதுவும் காரணம் இல்லை. அந்த மணலை மிதிக்காத ஊர்களிலும், உலகமெங்கும், வயதானவர்களுக்கு இதே புள்ளிகள் வருகின்றன.

இதற்கு செர்ரி ஆஞ்சியோமா என்று பெயர். தோலின் மேல்பகுதியில் இருக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஓரிடத்தில் விரிந்து கூட்டமாகச் சுருண்டுகொள்வதுதான் அந்தப் புள்ளி. முப்பதுக்கு மேல் தலைகாட்டும், வயது ஏற ஏற எண்ணிக்கை கூடும், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்திருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம். நம் தோல் நிறத்துக்கு இது செக்கச்செவேல் என்று தெரியாது, கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியும், அதனால் மச்சம் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

இதைப் பார்த்ததும் புற்றுநோயோ என்று கலங்குகிறார்கள். அந்தக் கலக்கத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. லண்டனில் கேம்ப்பெல் டி மார்கன் என்று ஒரு அறுவை மருத்துவர் இருந்தார். 1872-இல் அவர், புற்றுநோயாளிகளின் உடம்பில் இந்தப் புள்ளிகள் இருப்பதைக் கண்டு இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று கருதினார். பின்னால் வந்தவர்கள் ஆராய்ந்தபோது, புற்றுநோய் இல்லாத வயதானவர்களுக்கும் அதே புள்ளிகள் இருந்தன. புற்றுநோய் பெரும்பாலும் வயதான காலத்தில் வருகிறது, புள்ளியும் அதே வயதில் வருகிறது, அவ்வளவுதான் விஷயம். இந்தப் புள்ளி புற்றாக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரு புள்ளி மட்டும் தனியாக வேகமாக வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, அடிக்கடி ரத்தம் கசிந்தாலோ, ஒரே மாதத்துக்குள் ஏராளமாக முளைத்தாலோ, காட்டிவிடுங்கள்.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எல்லாச் சிவப்புப் புள்ளியும் இந்த வகை இல்லை. விட்டுவிட வேண்டிய புள்ளிக்குப் பத்தியம் இருக்கிறோம், ஓடிப்போய்க் காட்ட வேண்டிய புள்ளியைச் சூடு என்று விட்டுவிடுகிறோம்.

ஒருவர் வந்தார், அறுபது கடந்தவர், கடலுக்குப் போன உடம்பு. வேட்டியைக் கொஞ்சம் தூக்கி முழங்காலுக்குக் கீழே காட்டினார். இரண்டு காலிலும் மிளகாய்த்தூள் தூவினதுபோலப் பொடிப் பொடியான புள்ளிகள். விரலால் தடவினால் கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை, தோல் மழமழவென்று இருந்தது. கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினேன், நிறம் மறையவே இல்லை. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறதா என்று கேட்டேன், இரண்டு வாரமாக வருகிறது என்றார், அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. இதயக் குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாய் வைத்திருந்ததால் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிட்டு வந்தார், அதற்கு மேல் மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கின மாத்திரை ஒன்று. அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, இதய மருத்துவரிடமும் பேசி, அந்த வலி மாத்திரையை நிறுத்தினோம். இதய மாத்திரையை அவராக நிறுத்தியிருந்தால் ஸ்டென்ட் அடைத்திருக்கலாம், அதுவும் உயிருக்கு ஆபத்து. புள்ளியைப் பார்த்து பயந்து அந்த மாத்திரையை நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

அழுத்தினால் மறையாத, தடவினால் தட்டுப்படாத இந்தப் பொடிப் புள்ளி, ரத்தம் குழாயை விட்டு வெளியே கசிந்து தோலுக்குள் தங்கியது. நிற்கும்போது கால் குழாய்களில்தான் அழுத்தம் அதிகம், அதனால் முதலில் அங்கேதான் தெரியும். செர்ரி ஆஞ்சியோமாவும் சில நேரம் அழுத்தத்துக்கு முழுதாக மறையாது, அதனால் கண்ணாடி வைத்து அழுத்திப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். தடவினால் லேசாக மேடாக இருக்கிறதா, மாதக்கணக்காக அங்கேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. இரண்டு மூன்று நாளில் திடீரென்று கூட்டமாக வந்ததா? அப்படியானால் அன்றைக்கே போக வேண்டும். கறுத்த தோலில் கசிந்த ரத்தம் சரியாகத் தெரியாது, கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே தெரியும்.

காய்ச்சலோடு வந்தால் இன்னும் அவசரம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கிற சிரட்டையில் தேங்கும் மழைத்தண்ணீர் கொசுவுக்குப் போதும். டெங்குவில், ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் என்ற நுண்ணணுக்கள் குறையும். சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டியது, 20,000-க்குக் கீழே போனால் தானாகவே ரத்தம் கசியும் ஆபத்து அதிகம். அந்தக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். வேறு மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்டே தொடவும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

அப்புறம், புள்ளியைச் சுண்ணாம்பு வைத்துச் சுடுவது, தலைமுடியால் கட்டுவது, நகத்தால் கிள்ளுவது இதெல்லாம் இன்னும் நடக்கிறது. உள்ளே இருப்பது ரத்தக் குழாய், கிள்ளினால் நிற்காமல் கொட்டும், சுண்ணாம்பு புண்ணாக்கும். அழகுக்காக எடுக்க வேண்டும் என்றால் மின்சாரத்தால் சுட்டோ லேசராலோ எடுக்கலாம். ஆனால் நெஞ்சில் இருப்பதை எடுக்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள், நம் தோலில் அங்கே தழும்பு பருத்து வளர வாய்ப்பு உண்டு, வளர்ந்தால் புள்ளியைவிட அது பெரிதாகத் தெரியும்.

பெண்கள் முதுகையும் வயிற்றையும் வீட்டில்கூட யாரிடமும் காட்டுவதில்லை. மகளிடமோ மருமகளிடமோ ஒருமுறை காட்டிவிடுங்கள், அவர்கள் போனில் படம் எடுத்து வைத்தால் அடுத்த மாதம் வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். மருத்துவரிடம் போகும்போது ஆங்கில மருந்து, நாட்டு மருந்து, கடையில் வாங்கினது, ஆசான் தந்த லேகியம் எல்லாவற்றையும் அட்டையோடும் டப்பாவோடும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். சிவப்பு மாத்திரை, வெள்ளை மாத்திரை என்று சொன்னால் எங்களால் கண்டுபிடிக்க முடியாது.

வணக்கம்.