பாலத்துக்குள் ஓடும் வாய்க்கால்

[காட்சி: கல்பாலத்தின் நடுவிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது]

குரல்: ஜப்பானின் கியூஷு தீவில், குமமோட்டோ மாகாணத்தில் யமாட்டோ என்றொரு விவசாய ஊர். அங்குள்ள சூஜுன் பாலத்திலிருந்து தண்ணீர் இப்படிப் பாய்வதைக் காணப் பெருங்கூட்டம் கூடுகிறது. உண்மையில் இது தூர் வாரும் வேலை. பாலத்துக்குள் செல்லும் குழாய்களில் படிந்த மண்ணையும் மணலையும் வெளியேற்றத் தொடங்கிய வழக்கம் இது; இப்போது பார்வையாளர்களுக்காகவும் அடைப்பைத் திறக்கிறார்கள்.

பாலத்துக்கு அப்பால் இருப்பது ஷிராயிட்டோ மேட்டுநிலம். சுற்றிலும் ஆறுகள், எல்லாம் ஆழப் பள்ளத்தில். மேட்டிலிருந்தவர்களுக்குக் குடிக்கவே தண்ணீர் தட்டுப்பாடு, பிறகல்லவா நெல்! அவ்வட்டாரத் தலைவர் ஃபுட்டா யசுனொசுகே, பள்ளத்தாக்கைத் தாண்டி வாய்க்கால் கொண்டுவர முனைந்தார். 1854இல் பாலம் முடிந்தது. நீளம் சுமார் 78 மீட்டர், உயரம் சுமார் 20 மீட்டர்.

[காட்சி: குறுக்குவெட்டு வரைபடம்]

குரல்: பாலம் இரு கரைகளையும்விடத் தாழ்ந்திருப்பதைப் பாருங்கள். அதைவிட உயரமாகக் கல்வளைவு எழுப்ப அன்று வழியில்லை. பிறகு தண்ணீர் எப்படி மேடேறும்? மூடிய குழாயில் ஒரு கரையில் இறங்கும் நீர், தன் அழுத்தத்தாலேயே மறுகரையில் ஏறிவிடும். வெளியேறும் வாய், நுழையும் வாயைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால் போதும். இதுதான் தலைகீழ் சைஃபன்.

சொல்வது எளிது. ஆனால் அந்த அழுத்தத்தில் ஓர் இணைப்பு பிளந்தாலும் எல்லாம் வீண். மரக்குழாய்கள் சோதனையிலேயே தோற்றன. எனவே கற்களில் சதுரத் துளையிட்டு, ஒன்றோடொன்று பொருத்தி, இடுக்குகளில் தனிப் பக்குவத்தில் அரைத்த சுண்ணாம்புச் சாந்தைத் திணித்தார்கள். இப்படி மூன்று குழாய் வரிசைகள். வெளியே தெரியும் வளைவைவிட இந்த இணைப்புகளைத்தான் நான் அதிகம் வியக்கிறேன்.

கட்டியவர்கள் தனேயமா என்னும் ஊரின் கல்தச்சர்கள். அடிப்பகுதியில் அகன்று சரியும் சுவருக்குக் குமமோட்டோ கோட்டையின் மதிலே முன்மாதிரி. முதன்முதலில் தண்ணீர் விட்டபோது, பாலம் இடிந்தால் உயிரை விடுவதென்று யசுனொசுகே குறுவாளுடன் அதன்மேல் அமர்ந்திருந்ததாக ஊரார் சொல்வதுண்டு.

[காட்சி: பழுதுபார்ப்புப் பணி]

குரல்: 2016 நிலநடுக்கத்தில் குழாய்கள் கசிந்தன. 2018 பெருமழையில் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. இரண்டையும் சரிசெய்து, 2020இல் மீண்டும் நீர் திறந்தார்கள். 2023இல் ஜப்பான் அரசு இதைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது.

போக நினைப்பவர்கள் காலம் பார்த்துச் செல்லுங்கள். வயலுக்கு நீர் மிகவும் தேவைப்படும் வாரங்களில் பார்வையாளர்களுக்காக அடைப்பைத் திறப்பதில்லை. அப்போது பாலத்துத் தண்ணீர் முழுவதும் நெல்லுக்கே.