ஆலங்காட்டு நீலிக்கும் ஒரு படம்

வேலூர் நேயர்களுக்கு வணக்கம்.

ரத்தம் குடிக்கும் பேய்ப்படம் என்றால் மலைமேல் கோட்டை, கறுப்பு அங்கி, சவப்பெட்டி என்றே பார்த்துப் பழகிவிட்டோம். 2025 ஆகஸ்டில் வந்த மலையாளப் படம் ‘லோகா’ வேறு வழியில் போனது. இயக்கம் டொமினிக் அருண், நாயகி கல்யாணி பிரியதர்ஷன். கதை நடப்பது பெங்களூரில். நம் பிள்ளைகள் காட்பாடியில் ரயிலேறி வேலைக்குப் போகிற அதே ஊர்தான். அங்கே குடிவரும் சந்திரா என்ற பெண் யார்? படம் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இதைச் சொல்லாமல் மேலே பேச முடியாது. அவள்தான் கேரளத்துப் பழங்கதைகளில் வரும் கள்ளியங்காட்டு நீலி.

வழிப்போக்கரை மயக்கி ரத்தம் குடிக்கும் யட்சி, கடமற்றத்துக் கத்தனார் என்ற மாந்திரீகப் பாதிரியார் அவளை அடக்கினார் என்பது பழைய கதை. படம் அதற்கும் முன்னால் போகிறது. நீலி ஒரு பழங்குடிச் சிறுமி. அரசனின் ஆட்கள் அவள் சனத்தை அழிக்கிறார்கள். தப்பி ஓடிய குகையில் வௌவால் கடிக்கிறது. ரத்த தாகம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

மரபைக் கெடுத்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ரத்தக்காட்டேரிக்கு வெயில் பட்டால் சாவு என்கிறோமே, அதுவே சினிமா சேர்த்ததுதான். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய நாவலில் டிராகுலா பகலிலும் லண்டனில் நடமாடுகிறான். வெயிலில் அழிவது 1922இல் மூர்னா எடுத்த ‘நொஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மானிய மௌனப்படத்தில் வந்தது.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். காட்பாடியிலிருந்து சென்னை போகும் ரயில் அரக்கோணம் தாண்டியதும் திருவாலங்காடு. அதையொட்டிப் பழையனூர். அங்கேயும் ஒரு நீலி இருக்கிறாள்.

காசிக்குப் போன ஒருவன் அங்கே ஒருத்தியை மணந்து, திரும்பும் வழியில் ஆலங்காட்டில் அவளைக் கொன்றுவிடுகிறான். மறுபிறப்பில் அவன் வணிகன், அவள் பழிவாங்க வரும் நீலி என்ற பேய். அவன் கையில் ஒரு கத்தி இருக்கும்வரை அவளால் அவனை நெருங்க முடியாது. கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவர் என் புருஷன், ஏற்க மறுக்கிறார்” என்று பழையனூர் வேளாளர் எழுபது பேரிடம் முறையிடுகிறாள். வணிகன் கதறுகிறான். “உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்” என்று அவர்கள் கத்தியை வாங்கிக்கொண்டு இருவரையும் ஒரே அறையில் விடுகிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள். திருஞானசம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே, வஞ்சித்து உயிர் கொண்ட ஒருத்தியைக் குறிப்பிடுகிறார். அவ்வளவு பழைய கதை.

இதில் வஞ்சகி என்ற பெயர் நீலிக்குத்தான் நிலைத்தது. முதலில் கொலையுண்டவள் அவள் என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? அதே ஆலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையார் தாமே கேட்டுப் பெற்ற பேய் வடிவத்தோடு இறைவன் ஆடலைப் பாடினார். பேயுருவை வணங்கத் தெரிந்த மண் இது.

நம் இளம் இயக்குநர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். அந்த எழுபது பேரின் நேர்மையைக் குறைக்காதீர்கள், வணிகனின் பயத்தையும் விடாதீர்கள். ஆனால் படத்தை மட்டும் காசியிலிருந்து திரும்பும் அந்தப் பயணத்தில் தொடங்குங்கள், அவள் உயிரோடு இருக்கும்போதே.

வணக்கம்.